அண்ணல் அம்பேத்கரின் இறுதிப் பத்தாண்டு

1950ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்தில், நம் திருவண்ணாமலை செங்கம் சாலையிலுள்ள ஆசிரமத்தில் ரமண மகரிஷி உடல் நீத்தார். அவருடைய இடக்கை முழங்கையருகே சிறு கட்டியாகத் தோன்றிய புற்றுநோய், நான்கு முறை அறுவை செய்தும் மீண்டும் மீண்டும் வளர்ந்தது. கையையே நீக்கிவிடலாம் என்று மருத்துவர்கள் கூறியபோது அவர் உடன்படவில்லை. இச்செய்தியை அறியாதார் நம் பகுதியில் இலர். அதே நாளில்தான் அண்ணல் அம்பேத்கருக்கு 59 ஆண்டுகள் நிறைந்தன என்பதையோ, அப்போது தில்லியில் சட்ட அமைச்சராயிருந்த அப்பெருமகனாரும் தீராத நோயொன்றோடு போராடிக்கொண்டிருந்தார் என்பதையோ அறிந்தவர் மிகச் சிலரே. ஆண்டுதோறும் அவர் படத்திற்கு மாலை அணிவிக்கிறோம். படத்திலுள்ளவர் கண்ணாடியணிந்து, கையில் நூலேந்தி, கம்பீரமாக நிற்கிறார். அந்தக் கால்கள் இரவெல்லாம் எரிந்தன. அந்தக் கண்கள் மங்கின. அதை நாம் பேசுவதில்லை. பேசுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தபோது, மெய்யால் உற்றறிவதையே முதலறிவாக வைத்தார். அதன்பின் நா, மூக்கு, கண், செவி, ஆறாவதாக மனம். அண்ணலின் வாழ்வில் இந்த முதலறிவே முதல் காயத்தைப் பெற்றது. 1891 ஏப்ரல் 14இல் மௌ இராணுவ முகாமில் இராணுவப் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்த அவர், சாத்தாராவில் பயின்ற நாளில், பள்ளியின் தண்ணீர்க் குழாயைத் தம் கையால் தொடல் ஆகாது. பணியாள் வந்து திறந்தால் தண்ணீர். அவன் வராவிடில் தாகம். மனித உடம்பின் முதற்புலனையே குற்றமாக்கிய ஏற்பாடு அது. அதை எதிர்த்தே அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தார். முதுமையின் வாயிலில் நோய் வந்து அதே புலனைப் பாதத்தின்வழியே தாக்கியது.

அவர் கற்ற வரலாற்றை நம் இளைஞர்கள் நன்கு அறிவர்; விரிக்க வேண்டுவதில்லை. 1913இல் கொலம்பியா, பின்னர் இலண்டன், 1923இல் பம்பாய் திரும்பல். இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியக நூலகம் திறந்தது முதல் மூடும்வரை படித்தார், உணவைச் சுருக்கினார், உறக்கத்தையும் சுருக்கினார். உடலைப் பொருட்படுத்தாத அந்தப் பழக்கத்தை நாம் மேடையில் புகழ்கிறோம். நானும் புகழ்ந்திருக்கிறேன். ஆயினும் அதை அப்படியே பின்பற்றுமாறு மாணவர்க்குச் சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர்; 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கியது; 1946இல் பம்பாயில் சித்தார்த்தக் கல்லூரி; 1947 ஆகஸ்டு 15இல் சட்ட அமைச்சர்; இரு வாரங்களில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர். இவ்வளவும் ஒருவர் தோளில் ஏறிய காலத்தில்தான் உடல் தளரத் தொடங்கியது. நீரிழிவு, கால்களில் நரம்பழற்சி வலி, உறக்கமின்மை. வரைவுக் குழுவில் எழுவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்கா சென்றிருந்தார், ஒருவர் வேறு அரசுப் பணியில் மூழ்கினார், உடல்நலங்கருதித் தில்லிக்கு வராதிருந்தோரும் உண்டு. ஆகவே சுமை முழுவதும் அம்பேத்கர்மீதே விழுந்தது என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எடுத்துரைத்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. நலமுள்ளோர் விட்டுச் சென்ற பணியை நோயுற்றவர் முடித்தார். சபையில் முன்மொழியப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2,473. அவற்றுக்கெல்லாம் நின்று விடையிறுக்க வேண்டியவர் அவரே.

இனி, அந்நோயின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். நாம் உண்ணும் உணவிலிருந்து குருதியில் சேரும் சர்க்கரையைத் திசுக்கள் பயன்படுத்துவதற்குக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் துணைசெய்கிறது. அது குறைந்தாலோ, உடல் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ, சர்க்கரை குருதியிலேயே தேங்கும். தேங்கிய சர்க்கரை உடனே கொல்வதில்லை. ஆண்டுக்கணக்கில் நுண்ணிய குருதிக்குழாய்களைக் கெடுக்கும். நரம்புகளும் குருதியால் ஊட்டம் பெறுவனவே. ஊட்டக் குழாய் கெட்டால் நரம்பு பட்டினி கிடக்கும். மிகுந்த சர்க்கரை நேராகவும் நரம்பைச் சிதைக்கும். உடலிலேயே நீண்ட நரம்புகள் முதுகந்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடுவன. நீளமானது முதலில் கெடும். ஆதலால் நோய் காலுறையணிந்தாற்போல் பாதத்தில் தொடங்கி மேலேறும். முதலில் எரிச்சல், குத்தல், இரவில் மிகும் வலி, பிறகு மரத்துப்போதல். வலி நின்றுவிட்டது என்று நோயாளி மகிழும் வேளையே ஆபத்தான வேளை.

இதை ஏட்டிலிருந்து மட்டும் எழுதவில்லை. பௌர்ணமி தோறும் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் மலைவலம் வரும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். ஒருமுறை வீடு திரும்பியபின், பாதம் பட்ட இடமெல்லாம் குருதிக் கறையிருப்பதை அவருடைய பேத்திதான் கண்டாள். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. எங்கே ஏறியதென்று அவருக்குத் தெரியவில்லை. ஏறியதே தெரியவில்லை. அந்தப் புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நீரிழிவு இருப்பதை அன்றுதான் மருத்துவமனையில் அறிந்தார்.

அண்ணலின் காலத்து மருத்துவம் இன்றையதன்று. இன்சுலின் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921இல் கண்டறியப்பட்டு, 1922 சனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. ஆகவே ஊசி மருந்து இருந்தது. அளவறியும் கருவி வீட்டில் இல்லை. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கி, அது நீலமாக நிற்கிறதா, பச்சை, மஞ்சள், செங்கல் நிறமாக மாறுகிறதா என்று பார்ப்பதே வழக்கம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதிச் சோதனை அப்போது இல்லை. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் நரம்பும் காக்கப்படும் என்பதற்கு உறுதியான சான்று 1993இல்தான் அமெரிக்க, கனடா நாட்டுப் பேராய்வில் கிடைத்தது. இன்சுலினைச் சார்ந்து வாழும் நோயாளரிடையே நரம்புச் சிதைவு 60 விழுக்காடு குறைந்தது. நம் நாட்டில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவை டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கியது 1948இல். அதே ஆண்டில் அண்ணல் வலியோடு பம்பாயில் டாக்டர் மால்வாங்கரிடம் சிகிச்சை பெற்றுவந்தார்.

அங்குதான் டாக்டர் சாரதா கபீரை அவர் அறிந்தது. அந்தண குலத்தில் பிறந்த மருத்துவர் அவர். 1948 ஏப்ரல் 15இல் தில்லியில் பதிவுத் திருமணம் நடந்தது. அம்மையார் சவிதா அம்பேத்கர் ஆனார். உணவை அளந்ததும், மருந்தை வேளை தவறாது கொடுத்ததும் அவரே. நம் மக்களுள் பலர் இத்திருமணத்தை அன்று விரும்பவில்லை. அதற்குக் காரணங்கள் கூறினர். அவற்றை ஈண்டு ஆராயப் புகவில்லை. நீரிழிவும் நரம்பு வலியும் உற்ற 57 வயதினர், அருகிலேயே ஒரு மருத்துவர் இன்றி அரசியலமைப்பை நிறைவேற்றியிருக்க இயலுமா என்ற ஒரு வினாவை மட்டும் முன்வைக்கிறேன்.

1949 நவம்பர் 26இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. 1951 ஆகஸ்டில், தம் உடல்நிலை கவலை தருவதாயிருப்பதால், மருத்துவரிடம் தம்மை ஒப்படைக்குமுன் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை முடித்துவிட விரும்புவதாகப் பிரதமர் நேருவுக்கு எழுதினார். மசோதா முடியவில்லை. செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1952 தேர்தலில் பம்பாயில் தோற்றார். அரசியல் அவரைக் கைவிட்ட ஆண்டுகளும் உடல் கைவிட்ட ஆண்டுகளும் ஒன்றாக வந்தன. அந்த ஆண்டுகளில்தான் புத்தரைப் பற்றிய பெருநூலை எழுதிக்கொண்டிருந்தார்.

மெய்யை அடுத்துக் கண். விழித்திரையின் நுண்குழாய்களையும் நீரிழிவு கெடுக்கும். அவை கசியும், அடைபடும், வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து உடையும். இன்று லேசர் ஒளியால் அவற்றைச் சுட்டுப் பார்வையைக் காக்கின்றனர். அன்று அவ்வசதி இல்லை. 1954 சூன் முதல் அக்டோபர் வரை அண்ணல் பெரும்பாலும் படுக்கையிலிருந்தார், பார்வையும் மங்கியிருந்தது. நூலகத்திற்காகவே ராஜகிருகம் என்னும் இல்லத்தைக் கட்டியவருக்கு இதனினும் கொடிய தண்டனை ஏது? பஞ்சாபைச் சேர்ந்த நானக் சந்த் ரத்து என்னும் உதவியாளர், அரசு அலுவலகப் பணி முடிந்து மாலையில் வந்து, இரவு நெடுநேரம் தட்டச்சு செய்தார். அண்ணல் எழுதியதும் திருத்தியதும் அவர் விரல்வழியே அச்சுக்கு ஏற்றதாயிற்று. இப்படிப்பட்டவர்களின் பெயர் நம் விழா மலர்களில் வருவதே அரிது.

செவியைப் பற்றியும் சொல்லவேண்டும். காதின் உட்புறத்தில் நத்தைக்கூடு போல் சுருண்ட உறுப்பில், நுண்முடிகளைத் தாங்கிய செல்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுவன அவையே. அழிந்தால் மீண்டும் முளையா. அவற்றைக் காக்கும் குருதிக்குழாய்களும் நுண்ணியனவே. ஆதலின் நீரிழிவு செவியையும் விடுவதில்லை. நீரிழிவு உள்ளோரிடையே செவிக்குறை ஏறத்தாழ இருமடங்கு மிகுதி என 2008இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கண்ணுக்கும் காலுக்கும் சோதனை செய்துகொள்வோரும் காதை மறந்துவிடுகின்றனர். பேச்சு சரியாகக் கேளாத முதியவரை வீட்டார் பிடிவாதக்காரர் என்று திட்டுவதை நாம் கண்டிருக்கிறோம்.

கேள்விக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். அண்ணலுக்கும் அந்தச் செல்வம் இறுதிவரை துணைநின்றது. முதிர்ந்த வயதில் வயலின் கற்கத் தொடங்கினார். நரம்பு நோயுற்ற ஒருவர் நரம்புக் கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு மாணவராக அமர்ந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்கள்முன் பௌத்தம் தழுவினார். 22 உறுதிமொழிகளைத் தாமே முன்மொழிந்தார். அன்று அவர் பிறர் துணையோடுதான் நின்றார். நவம்பரில் காத்மாண்டு பௌத்த மாநாட்டிற்கும் சென்றார். டிசம்பர் 5ஆம் நாள் இரவு, தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்தில், வானொலிப் பெட்டியோடு இணைந்த இசைத்தட்டுக் கருவியை இயக்கச் சொல்லிக் கேட்டார். தாமும் உடன் முணுமுணுத்தார். உணவுக்குப்பின் கபீரின் பாடலொன்றைப் பாடியவாறே அறைக்குச் சென்றார். ரத்துவிடம், தட்டச்சு செய்த அறிமுகவுரையையும் முன்னுரையையும் படுக்கையருகே வைக்கச் சொன்னார். நள்ளிரவு நெருங்கும் வேளையில் ரத்து விடைபெற்றார். 6ஆம் நாள் காலை அம்மையார் எழுப்பச் சென்றபோது உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது.

அதன்பின் எழுந்த வதந்திகளை நம் முதியோர் இன்றும் சொல்வர். மருத்துவராகிய மனைவிமீது ஐயம் கொண்டனர். அரசு நடத்திய விசாரணை, மறைவு இயற்கையானதே என்று முடிவு கண்டது. ஆயினும் அம்மையார் பல்லாண்டு அப்பழியைச் சுமந்தே வாழ்ந்தார். பத்தாண்டாக ஓர் உடலைச் சிறிது சிறிதாக அரித்த நோயை மக்கள் அறியவில்லை. அறியாத இடத்தில் ஐயம் குடிபுகுந்தது. அண்ணலின் நோயை மறைவாகவே வைத்துக் கம்பீரத்தை மட்டும் பாடியதில் நம்மவர்க்கும் இதில் பங்குண்டு என்பது என் கருத்து.

அந்த இரவு படுக்கையருகே வைக்கப்பட்ட தாள்களுக்கு வருகிறேன். 1956 மார்ச் 15 நாளிட்ட முன்னுரையொன்றை அவர் எழுதியிருந்தார். இந்நூலை எழுதிய ஆண்டுகளில் பலமுறை நோயுற்றதையும், தம்மை அணையும் சுடராகவே மருத்துவர்கள் பேசிய கட்டம் வந்ததையும், அச்சுடர் மீண்டும் எரிந்தது தம் மனைவியும் டாக்டர் மால்வாங்கரும் காட்டிய மருத்துவத் திறத்தாலேயே என்பதையும் அதில் குறித்து, அவ்விருவருக்கும் நன்றி கூறியிருந்தார். ‘புத்தரும் அவர் தம்மமும்’ 1957இல் பம்பாயில் சித்தார்த்தக் கல்லூரி வெளியீடாக வந்தபோது அந்த முன்னுரை அதில் இடம்பெறவில்லை. 1980இல் பகவான் தாஸ் என்பவர் அண்ணலின் அரிய முன்னுரைகளைத் தொகுத்தபோதுதான் அது அச்சேறியது.