ஓவியம் வரைந்த அறிவியலறிஞர்

ஆஸ்டின் டவுனிலிருந்து வடமேற்கே மல்லேசுவரத்தைக் கடந்து சென்றால், மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்றைக் காணலாம். அதுவே இந்திய அறிவியல் கழகம். அதன் தலைமைக் கட்டடத்தின் முன்னே ஜம்ஷெட்ஜி டாட்டாவின் சிலை நிற்கிறது. 1939ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்காகத் தாய்நாடு வந்திருந்த இளைஞர் ஒருவர், இரண்டாம் உலகப்போர் மூண்டமையால் திரும்பிச் செல்ல இயலாது, இக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியராகப் பணியேற்றார். அவர்தாம் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பையில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பெங்களூர் அக்குடும்பத்திற்குப் புதிய ஊரன்று. அவருடைய பாட்டனார் மைசூர் அரசின் கல்வித்துறைத் தலைவராக விளங்கியவர். பாபா சிறு வயதிலேயே ஓவியம் கற்றார். மேலைநாட்டு இசையிலும் தோய்ந்தார்.

மகன் பொறியாளராகி டாட்டா இரும்பாலையில் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அதன்படி 1927இல் கேம்பிரிட்ஜ் சென்ற பாபாவின் உள்ளத்தை இயற்பியல் கவர்ந்தது. பொறியியல் தமக்கு ஏற்ற துறையன்று என்று தந்தைக்குத் துணிந்து கடிதம் எழுதினார். முதல் வகுப்பில் தேறினால் மேலும் பயிலலாம் எனத் தந்தையார் இசைந்தார். 1930இல் பொறியியலிலும் 1932இல் கணிதத்திலும் முதல் வகுப்புப் பெற்று, பாபா தம் வழியை வென்றெடுத்தார். அந்நாளிலும் தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை. மாணவர்கள் நடத்திய மோட்சார்ட்டின் இசைநாடகம் ஒன்றுக்கு அரங்கக் காட்சிகளை அமைத்தவர் அவரே.

எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று சிதறடிக்கும் முறையை அவர் 1935இல் கணக்கிட்டார். அஃது இன்றும் பாபா சிதறல் எனப்படுகிறது. விண்வெளியிலிருந்து வரும் ஆற்றல் மிகுந்த துகள் ஒன்று, காற்றில் நுழைந்ததும் பலவாகப் பெருகிப் பொழிவது எவ்வாறு? அருவிநீர் பாறைதோறும் மோதித் துளிகளாகப் பெருகுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய பெருக்கத்தை ஹைட்லர் என்னும் அறிஞருடன் இணைந்து 1937இல் பாபா விளக்கினார்.

பெங்களூரில் அவருடைய துறைத்தலைவராக இருந்தவர் சர் சி. வி. இராமன். அவரையும் பாபா கோட்டோவியமாக வரைந்துள்ளார். 1941இல் இலண்டன் இராயல் கழகம் பாபாவைத் தன் உறுப்பினராக்கியது. போர் முடிந்தபின் அவர் ஐரோப்பாவிற்கே திரும்பியிருக்கலாம். எந்தப் பல்கலைக்கழகமும் அவரை மகிழ்வுடன் ஏற்றிருக்கும். ஆயினும் பெங்களூரில் கழிந்த ஆண்டுகள் அவர் எண்ணத்தை மாற்றின. 1944இல், அமெரிக்காவில் பணியாற்றிய தமிழர் சந்திரசேகருக்கு எழுதிய கடிதத்தில், உரிய ஆதரவு கிடைக்குமாயின் சொந்த நாட்டிலேயே தங்கி, பிற நாடுகளுக்கு இணையான ஆய்வுக்கூடங்களை வளர்ப்பது கடமை என்று தாம் கருதுவதாகக் குறிப்பிட்டார். சந்திரசேகர் அமெரிக்காவிலேயே தங்கி நோபல் பரிசு பெற்றார். இருவரில் ஒருவரைக் குறை கூறுதல் பொருந்தாது.

அவ்வாண்டே டாட்டா அறக்கட்டளையிடம் பாபா உதவி வேண்டினார். 1945ஆம் ஆண்டு ஜூன் மாதம் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் பிறந்து, அவ்வாண்டின் இறுதியில் மும்பைக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் கொலாபாக் கடற்கரையில் அதற்குப் புதிய கட்டடம் எழுந்தபோது பாபாவின் கலையுள்ளம் முழுமையாக வெளிப்பட்டது. மரங்களை வெட்டாது வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச்செய்தார். இளம் ஓவியர்களின் படைப்புகளை விலைகொடுத்து வாங்கி, ஆய்வாளர் நடமாடும் கூடங்களில் மாட்டினார். எம். எஃப். உசேனின் 45 அடி நீளச் சுவரோவியம் அங்கே உள்ளது. ஆய்வுக்கூடத்திற்குப் படம் எதற்கு என்று கேட்போர்க்கு அக்கட்டடமே விடை.

1956இல் ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றான அப்சரா, பாபாவின் தலைமையில் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. அந்நாளில் தொலைக்காட்சி பரவவில்லை. மக்கள் வானொலி வழியாகவே அறிஞர்களைக் கேட்டனர். 1964இல் சீனா அணுகுண்டு வெடித்தபின் பாபா அகில இந்திய வானொலியில் உரையாற்றினார். அணுகுண்டுக்கு ஆகும் செலவு பற்றி அவர் கூறிய கணக்கு மிகக் குறைவானது எனப் பலர் மறுத்தனர்.

1966ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. பாபாவுக்கு அப்போது வயது 56. அவர் வளர்த்த நிறுவனத்தார் பின்னர் உதகமண்டலத்தின் சரிவொன்றில் 530 மீட்டர் நீளமுள்ள கதிரலைத் தொலைநோக்கியை அமைத்தனர். அதனை அமைத்த கோவிந்த் சுவரூப்பை அயல்நாட்டிலிருந்து அழைத்து வந்தவர் பாபாவே.