அநாதை இல்லத்தில் வளர்ந்த வாசனை ராணி

புதுச்சேரி குபேர் அங்காடியில் பூக்கூடைகளைத் தாண்டிப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்: இது மல்லி, இது ரோஜா, இது மரிக்கொழுந்து. வாசனை என்றால் அதற்கு ஒரு பூ இருக்கவேண்டும். புதுச்சேரியை அன்று ஆண்ட பிரான்சு நாட்டிலும், 100 ஆண்டுகளுக்கு முன் பெண்கள் அப்படித்தான் நினைத்தார்கள். குடும்பப் பெண் என்றால் ரோஜாவோ வயலட் பூவோ மணக்கவேண்டும். கஸ்தூரி கலந்த கனத்த வாசனை பூசினால், நாடகக்காரி என்று முகம் சுளிப்பார்கள்.

அந்த வழக்கத்தை உடைத்தவர் கோகோ ஷனேல். எந்தப் பூ என்று சொல்லமுடியாத ஒரு மணத்தை அவர் பூசிக்கொண்டார். உலகத்தையும் பூசவைத்தார்.

அவருடைய உண்மைப் பெயர் கேப்ரியல். 1883-ம் ஆண்டு, சோமூர் என்ற ஊரில் ஏழைகளுக்கான தர்ம ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அப்பா ஊர் ஊராகச் சுற்றும் தெருவியாபாரி. அம்மா துணி வெளுப்பவள். கேப்ரியலுக்கு 11 வயதாக இருந்தபோது அம்மா இறந்துபோனாள். பெண் குழந்தைகளைக் கன்னியர் மடத்து அநாதை இல்லத்தில் விட்டுவிட்டுப் போன தகப்பன், திரும்பி வரவே இல்லை.

அந்த மடத்தில் அவள் ஊசியும் நூலும் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அதுதான் சோறு போட்டது. பகலில் தையல் வேலை. இரவில் காப்பிக் கடை மேடையில் பாட்டு. கோகோ என்ற பெயர் அந்தப் பாட்டுகளால் வந்ததே. 1910-ல் பாரீஸ் நகரில் தொப்பிக் கடை திறந்தாள். பெண்களின் இடுப்பை நெரித்த இறுக்க உடைகளுக்குப் பதில், கையை வீசி நடக்க வசதியான உடைகளைத் தைத்துக் கொடுத்தாள். பத்தே ஆண்டுகளில் சீமாட்டிகள் அவருடைய வாசலில் காத்து நின்றார்கள்!

ஐந்தாவது சீசா

1919 டிசம்பரில் பேரிடி விழுந்தது. கடை வைக்கப் பணம் கொடுத்து உதவிய காதலர் கேப்பல், மோட்டார் விபத்தில் மாண்டுபோனார். துக்கத்தை வேலையில் மறக்கப் பார்த்தார் ஷனேல்.

அந்த நாளில்தான் எர்னஸ்ட் போ என்ற வாசனை நிபுணரின் அறிமுகம் கிடைத்தது. ருஷ்யாவில் மன்னர் குடும்பத்துக்கு வாசனை தயாரித்த கம்பெனியில் இருந்தவர். புரட்சிக்குப்பின் பிரான்சுக்கு வந்தவர். எண் போட்ட சில சீசாக்களை அவர் முன்னே வைத்தார். முகர்ந்து பார்த்த ஷனேல், 5-ம் எண்ணை எடுத்துக்கொண்டார்.

அதில் இருந்த புதுமை ஆல்டிஹைடு என்ற ரசாயனப் பொருள். ஆரஞ்சுத் தோலைக் கசக்கினால் மூக்கில் சுரீர் என்று ஏறுகிறதே, அந்த மணத்தில் இதற்கும் பங்கு உண்டு. செயற்கை வாசனை அப்போது புதிதல்ல. 1868-லேயே பெர்க்கின் என்ற ஆங்கிலேயர், காய்ந்த புல்லின் மணத்தை ரசாயன முறையில் உண்டாக்கிவிட்டார். ஆனால் ஆல்டிஹைடை இத்தனை தாராளமாக ஊற்ற யாரும் துணிந்ததில்லை. பூவே இல்லை என்று எண்ணிவிடவேண்டாம். பிரான்சின் தெற்கே கிராஸ் என்ற ஊரில் விளைந்த மல்லிகை அதில் நிறையவே இருந்தது. அது வேறொன்றும் இல்லை, நம்மூர் ஜாதிமல்லி இனம்தான்! ஆனால் அதை மல்லிகை என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை.

1921-ல் அது விற்பனைக்கு வந்தது. பூவின் பெயர் வைக்கவில்லை, வெறும் எண்தான். சித்திர வேலைப்பாடு இல்லாத சதுரச் சீசா. ஷனேல் விளம்பரம் செய்யவில்லை. தானே பூசிக்கொண்டு ஓட்டலுக்குச் சாப்பிடப் போவார். பக்கத்தில் நடந்த பெண்கள் நின்று, எங்கிருந்து வருகிறது இந்த மணம் என்று திரும்பிப் பார்த்தார்கள் என்று சொல்வதுண்டு.

பெயர் ஒருவருக்கு, பணம் ஒருவருக்கு

1924-ல் பெருமளவில் தயாரிக்க வெர்த்தைமர் சகோதரர்களுடன் ஒப்பந்தம் போட்டார். சகோதரர்களுக்கு 100-க்கு 70 பங்கு. இடையில் நின்று பேசி முடித்த வியாபாரிக்கு 20. ஷனேலுக்கு 10 மட்டுமே! கையெழுத்துப் போட்டது அவரேதான். ஆனாலும் ஏமாந்தோம் என்ற எண்ணம் அவரை அரித்தது.

1940-ல் ஜெர்மனியர் பாரீசைப் பிடித்தார்கள். யூதர்களின் சொத்தைப் பறிக்கச் சட்டம் வந்தது. வெர்த்தைமர்கள் யூதர்கள், அமெரிக்காவுக்குத் தப்பினார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவர்களின் கம்பெனியைத் தனக்குக் கொடுக்கும்படி, 1941-ல் ஷனேல் ஜெர்மன் அதிகாரிகளுக்கு மனுப்போட்டார். ஜெர்மன் அதிகாரி ஒருவருடன் நெருங்கிப் பழகியும் வந்தார். எத்தனை வறுமையில் வளர்ந்திருந்தாலும், இதை மன்னிப்பது கடினம். மனு பலிக்கவில்லை. கம்பெனியைக் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் பெயரில் முன்பே எழுதிவைத்திருந்தார்கள் சகோதரர்கள்.

1944-ல் பாரீஸ் விடுதலை ஆனதும் அவரைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். அவர் சுவிட்சர்லாந்துக்குப் போய்த் தங்கினார். 1947-ல் சமரசம் ஏற்பட்டது. உலகம் முழுவதும் விற்கும் 5-ம் எண் வாசனையில் 100-க்கு 2 பங்கு அவருக்கு. பெரும் பணம்!

1954-ல், 70 வயதில், மீண்டும் பாரீசில் கடை திறந்தார். (அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டு நீங்கியது.) அதற்குப் பணம் கொடுத்தவர் யார் தெரியுமா? யாருடைய சொத்தைப் பறிக்க மனுப்போட்டாரோ, அந்தப் பியர் வெர்த்தைமர்!

1971-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பாரீஸ் ரிட்ஸ் ஓட்டல் அறையில் ஷனேல் காலமானார். அப்போது அவருக்கு வயது 87. அவர் பெயர் தாங்கிய கம்பெனி இன்றும் வெர்த்தைமர் குடும்பத்தாரிடமே இருக்கிறது.