மழலைக்குச் செவிசாய்த்த மாண்டிசோரி

மலேசியாவில் பல பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்ற பெயரைக் காணலாம். அது ஓர் இத்தாலிய மருத்துவரின் பெயர். தமிழ் மண்ணில் சில ஆண்டுகள் வாழ்ந்த அந்த அம்மையார், பேச்சு வராத குழந்தை மொழியை எவ்வாறு பிடித்துக்கொள்கிறது என்பதை உற்று நோக்கியவர். அவர் வாழ்வு நம் வீடுகளுக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறது என்பதால் இதை எழுத விழைந்தேன்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லேயில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907இல் ரோமின் ஏழைத் தொழிலாளர் பகுதியான சான் லொரென்சோவில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றி இருந்த பிள்ளைகளே அவருடைய முதல் மாணவர்கள்.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். தாய் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டவராகக் கருதப்பட்டனர். மகன் முகாமில் அடைக்கப்பட்டார். தாயின் 70ஆம் பிறந்தநாளையொட்டியே அவர் விடுதலையானார். பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றினர்.

இந்தியாவில் வாழ்ந்த காலத்தில், பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள பருவத்தில் அம்மையாரின் கவனம் ஆழ்ந்தது. அவருடைய கருத்துகள் 1949இல் அடையாற்றில் நூலாக வெளிவந்தன. வாய் திறப்பதற்கு நெடுநாள் முன்பே குழந்தையின் செவி வேலையைத் தொடங்கிவிடுகிறது என்றார். ஏறத்தாழப் பத்து மாதத்தில், கேட்கும் ஒலிக்குப் பொருள் உண்டெனக் குழந்தை உணர்கிறது. ஓராண்டில் பொருளறிந்து முதல் சொல்லைச் சொல்கிறது. இரண்டு வயதை நெருங்குகையில் சொற்கள் மடை திறந்தாற்போல் வருகின்றன. அதனால், குழந்தையைத் தனியே கிடத்தாமல், பெரியோர் பேசும் இடத்திற்கெல்லாம் தூக்கிச் செல்லும் தாய்மாரை அவர் பாராட்டினார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

பிற்கால ஆய்வுகள் அவர் வழியைத் தெளிவாக்கின. 1984இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தனர். ஒரு வயதை நெருங்கியபோது, அவ்வொலிகளைக் கேளாத அவர்களில் பெரும்பாலோரிடம் அத்திறன் மங்கியிருந்தது. தமிழில் பத்து வேறு, பட்டு வேறு. ஒலியின் வேறுபாடு செவிக்குப் பிடிபட்டால்தான் பொருளின் வேறுபாடு மனத்தில் தங்கும். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வோ, ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளே உணவு, உடலுறுப்புப் பெயர்கள் சிலவற்றை அறிவர் என்று காட்டியது.

எங்கள் செமோர் வட்டாரத் தோட்டங்களில் தாய்மார் விடியுமுன் பால்மரம் வெட்டப் போயினர். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் தாலாட்டும் ஏச்சும் கதையும் கேட்டு வளர்ந்தனர். ஏட்டுக்கல்வி குறைவாயினும் அங்கே தமிழ் ஒலி குறையவில்லை. இன்று லயங்கள் இருந்த இடங்களில் வீடமைப்புகள் எழுந்துவிட்டன. தமிழ்ப்பள்ளியில் கற்றுக்கொள்வான் என்று எண்ணி, கைக்குழந்தையிடம் தமிழ் பேசாத பெற்றோரையும் காண்கிறேன். நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தான். எழுத்தைத் தந்தது பள்ளி. சொல்லைத் தந்தது வீடு. குழந்தை இரண்டு மூன்று மொழிகளையும் ஒருங்கே ஏற்கும். ஆங்கிலமும் மலாயும் வரட்டும். அவற்றுக்காகத் தமிழை ஏழு வயதுவரை காக்கவைக்க வேண்டாம். தொட்டிலருகே நாம் பேசும் தமிழே நாளைய தமிழ்.