உறைபனி நாட்டின் ஏழை மேற்றிராணியார்
வித்தால் கிராண்டின் ஆண்டகை, அ.ம.தி. (1829 – 1902)

அமலமரித்தியாகிகள் சபைக் குருமார் யாழ்ப்பாண மறைமாவட்டத்து மக்களுக்குப் புதியவர்களல்லர். 1847ஆம் ஆண்டு செமேரியா சுவாமியின் தலைமையில் அச்சபையின் முதற் குழுவினர் இலங்கையில் வந்திறங்கிய நாள் முதல், எமது கோவில்களிலும் பாடசாலைகளிலும் அவர்களுடைய வியர்வை கலந்திருக்கின்றது. அவர்களை இங்கு அனுப்பியவர் பிரான்சு தேசத்து மார்செய் நகரின் மேற்றிராணியாரும் சபையின் ஸ்தாபகருமான புனித யூஜின் டி மசனெட் ஆண்டகை. அதே கரங்கள் ஆசீர்வதித்து இன்னொரு திசைக்கு அனுப்பிய பிள்ளைகளைப் பற்றி நாம் அதிகம் அறிவதில்லை. எமக்குப் பங்காகக் கிடைத்தது வெயில். அவர்களுக்குக் கிடைத்தது பனி. அவர்களில் ஒருவரே வித்தால் கிராண்டின். யூபிலி ஆண்டிலே இப்பங்கின் பழைய குருமாரை நினைவுகூரும்போது அவர்களுடைய இந்தச் சகோதரரையும் அறிந்துகொள்வது பொருந்தும்.

பிரான்சின் மேற்கே மயென் என்னும் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில், 1829ஆம் ஆண்டு மாசி மாதம் 8ந் திகதி அவர் பிறந்தார். பதினான்கு பிள்ளைகளில் ஒன்பதாமவர். வழிப்போக்கருக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுக்கும் சிறு விடுதி நடத்திய ஏழைக் குடும்பம். உடலும் உறுதியானதல்ல. குருவாக வேண்டும், அதிலும் கீழைத்தேசங்களுக்குப் போகவேண்டும் என்ற ஆசையுடன் 1851இல் பாரிஸ் நகரிலுள்ள வெளிநாட்டு மிசன் குருமடத்தை அடைந்தார். ஆனால் அவருக்கு நாக்குத் தடை இருந்தது; சில எழுத்துக்கள் மழலையாகவே வரும். கீழைத்தேச மொழிகளைப் பேச இந்த நாக்கு உதவாது என்று அங்கிருந்தோர் தீர்மானித்து அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர். இருபத்திரண்டு வயது வாலிபனுக்கு அது எத்தகைய அடியாயிருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அவ்வாண்டு மார்கழியிலேயே அவர் அமலமரித்தியாகிகளின் நவசந்நியாச மடத்தின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. 1854 சித்திரை 23ந் திகதி டி மசனெட் ஆண்டகையே அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். சில வாரங்களில் கப்பல் பயணம். அவ்வாண்டு முடிவதற்குள் வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், செந்நதிக் கரையிலுள்ள சென்ற் பொனிபஸ் என்னும் இடத்தை அடைந்தார். அங்கே மேற்றிராணியாராயிருந்த தாஷே ஆண்டகையும் அதே சபையினர்; அவருக்கும் இளவயது. அடுத்த ஆண்டு கிராண்டின் சுவாமி இன்னும் வடக்கே, அதபாஸ்கா வாவிக் கரைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஃபரோ சுவாமியிடம் டெனே மக்களின் மொழியைப் படித்தார். தொண்டைக்குள்ளும் பல்லிடுக்கிலும் ஒலிகள் பிறக்கும் கடினமான மொழி அது. எந்த நாக்கு உதவாதென்று பாரிசில் தள்ளப்பட்டதோ அதே நாக்கு அம்மொழியில் பிரசங்கம் செய்தது.

அந்நாட்டின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாரிகாலத்தில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை இறங்கும். நதிகளும் வாவிகளும் கல்லாய் இறுகும். மேற்றிராணியார் இல்லமென்பது மரக்குற்றிகளை அடுக்கிக் களிமண் பூசிய குடிசை. கோதுமை மா பண்டிகைக்கு மட்டும் தொட்டுப் பார்க்கும் பண்டம். வாவியில் வலைவீசிப் பிடித்த மீனே காலையும் மாலையும் உணவு; வண்டி இழுக்கும் நாய்களுக்கும் அதுவே. நீண்ட பயணத்துக்கு, காட்டெருமை இறைச்சியை உலர்த்தி இடித்துக் கொழுப்பிலே பிசைந்து கட்டிய உருண்டை. கோடையில் தோணி, மாரியில் நாய் வண்டி. நாய் வண்டி என்றால் ஏறி உட்கார்ந்து போவதென்று நினைக்கவேண்டாம். சாமான்களே அதில் போகும். ஆள், பனியில் புதையாதபடி வலைபோல் பின்னிய மிதியடிகளைக் காலிற் கட்டிக்கொண்டு பின்னாலே நடக்கவேண்டும். வழியில்லாத இடத்தில் முன்னாலே நடந்து நாய்களுக்குப் பாதையும் மிதித்துக் கொடுக்கவேண்டும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஏழைகளிடமிருந்துதான். 1822இல் லியோன் நகரில் தொடங்கிய விசுவாசப் பரப்புதல் சபையின் அங்கத்தவர்கள் வாரந்தோறும் ஒரு சிறு செப்புக்காசு போட்டு வந்தனர். ஆலைத் தொழிலாளரும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் போட்ட அந்தச் சல்லிகளே யாழ்ப்பாணத்து மிசனுக்கும் வந்தன. பனிநாட்டு மிசனுக்கும் போயின. அங்கே சாமான் கொண்டுபோகும் வசதி ஹட்சன் குடாக் கம்பனியின் கையில் இருந்தபடியால், பொருளின் விலையைவிட அதைக் கொண்டு சேர்க்கும் கூலியே பாரமாயிற்று. பூசைக்கு வேண்டிய திராட்சை இரசமும் மெழுகுதிரியுங்கூட அந்தத் தூரத்தைக் கடந்தே வரவேண்டும்.

1857 மார்கழியில் உரோமாபுரி அவரைத் தாஷே ஆண்டகைக்குத் துணை மேற்றிராணியாராக நியமித்தது. வயது இருபத்தெட்டு. செய்தி அவர் கையை எட்டியதோ அடுத்த ஆண்டில்! தமக்குத் தகுதியில்லை, உடல்நலமில்லை, பேச்சும் வராது என்று எழுதி மன்றாடினார், பலிக்கவில்லை. 1859இல் புனித அந்திரேயாவின் திருநாளன்று மார்செய் நகரில் டி மசனெட் ஆண்டகை அவரை மேற்றிராணியாராக அபிஷேகம் செய்தார். ஒன்றரை ஆண்டுகளில் அந்தத் தந்தை இறைபதம் அடைந்தார்.

1861 தொடக்கம் 1864 வரை கிராண்டின் ஆண்டகை வடதுருவ வட்டத்தை நோக்கிய மிசன்களைச் சந்திக்கப் போனார். மக்கென்சி நதிக்கரையில் ஒரு புதிய மிசனுக்கு இடம் தெரிந்து, தேவபராமரிப்பு என்னும் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். கோடரி பிடித்து மரம் தறித்தவர்களில் மேற்றிராணியாரும் ஒருவர்.

1863 மார்கழியில், பெரிய சிலேவ் வாவியின் உறைந்த பரப்பைக் கடக்கும்போது, பனிப்புயல் வீசிற்று. முன்னே சென்றவர்களின் அடிச்சுவடு மறைந்தது. ஆண்டகையும் உடன்வந்த ஒரு சிறுவனும் தனித்துப் போயினர். விறகில்லை, நெருப்பில்லை. இரவும் வந்துவிட்டது. வண்டியைக் காற்றுக்கு மறைவாக வைத்து, நாய்களை அணைத்துக்கொண்டு, கம்பளிக்குள் ஒடுங்கி, சாவதற்கு ஆயத்தமாகி இருவரும் அந்த இரவைக் கழித்தனர். விடிந்தபின்னரே தெரிந்தது, தாம் தேடிய மிசன் அதிக தூரத்தில் இருக்கவில்லை என்பது. அங்கிருந்தோர் அவர்கள் மாண்டுவிட்டார்களென்றே எண்ணியிருந்தனர்.

1867இன் தொடக்கத்தில் ஈல்-ஆ-லா-குறோஸ் மிசன் தீக்கிரையாயிற்று. பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் சாம்பல். ஆண்டகை மீண்டும் கடல் கடந்து பிரான்சுக்குப் போய்ப் பங்கு பங்காகக் கையேந்தினார். கூச்ச சுபாவமுள்ளவருக்கு அது பனிப்புயலிலும் கொடிய வேதனை என்றே நினைக்கின்றேன். 1868இல் சென்ற் அல்பேட் என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தார். 1871 புரட்டாதியில் அது தனி மறைமாவட்டமாயிற்று. அவரே முதல் மேற்றிராணியார். அதற்கு முந்திய ஆண்டு பெரியம்மை நோய் அவ்வூரைச் சூறையாடியபோது, குருமாரும் கன்னியரும் அவரும் நோயாளிகளின் படுக்கையருகே நின்றனர். பிரஞ்சுத் தந்தைக்கும் பூர்வகுடித் தாய்க்கும் பிறந்த மேத்தி மக்களின் காணியுரிமைக்காக அவர் ஒட்டாவா அரசாங்கத்துக்கு எழுதினார். அந்த முறைப்பாடுகளுக்குக் காலத்தில் செவிகொடுக்கப்படவில்லை. 1885இல் கலகம் மூண்டது. அவ்வாண்டு பெரிய வியாழனன்று ஃபபார், மார்ஷான் என்னும் அவருடைய இரு குருமார் தவளை வாவி என்னுமிடத்தில் கொல்லப்பட்டனர்.

இனிச் சொல்வது சொல்வதற்கு இனியதல்ல. ஆனாலும் சொல்லாமல் விட்டால் இச்சரிதை பாதிச் சரிதையாகும். காட்டெருமைகள் அழிந்துபோகவே பூர்வகுடி மக்கள் பட்டினிக்கு ஆளாயினர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிப் பாடசாலைகளில் வைத்து, கமமும் தொழிலும் பழக்கினாலன்றி அவர்களுக்கு உய்வில்லையென்று ஆண்டகை நம்பினார். மிசனிடம் அதற்குப் பணமில்லை, அரசாங்கத்திடம் இருந்தது. ஒட்டாவாவுக்குச் சென்று மந்திரிமாரை வற்புறுத்தியவர்களில் அவர் முதன்மையானவர். 1883இல் அரசாங்கம் அத்தகைய பாடசாலைகளை நிறுவத் தீர்மானித்தது. அவை நூறாண்டுக்கு மேல் நடந்தன. 1,50,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் அவற்றுள் அடைபட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை. அடியும் அவமானமும் அனுபவித்தோர் பலர். வீடு திரும்பாமலே இறந்தோர் ஆயிரக்கணக்கானோர். ஆண்டகை நன்மையென்று எண்ணியே செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. டெனே மொழியைத் தாமே கற்று அதில் பிரசங்கித்தவர், அந்த மொழிகள் பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கப்படுவதற்கு வழிதிறந்தார் என்பதே மனதை உறுத்துகின்றது. தாய்மொழியின் அருமை தெரிந்த எமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தீராத காதுவலியும் வேறு பிணிகளும் வாட்ட, 1902 ஆனி 3ந் திகதி சென்ற் அல்பேட்டில் அவர் காலமானார். வயது எழுபத்துமூன்று. 1966இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரது புண்ணியங்களை அங்கீகரித்து, வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். 2021இல் எட்மன்ரன் நகரசபை அவர் பெயரைத் தாங்கியிருந்த புகையிரத நிலையத்திலிருந்து அப்பெயரை அகற்றத் தீர்மானித்தது. 2022 ஆடி 25ந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ், எட்மன்ரனுக்குத் தெற்கேயுள்ள மஸ்குவாசிஸ் என்னும் ஊரில், அப்பாடசாலைகளில் கிறிஸ்தவர்கள் இழைத்த தீமைகளுக்காகப் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள், கிராண்டின் ஆண்டகையின் காலத்திலேயே யாத்திரை தொடங்கிய புனித அன்னம்மாள் வாவிக் கரையில் அம்மக்களோடு செபித்தார்.

எமது பங்கிலிருந்து கனடாவுக்குப் போய்க் குடியேறியோர் பலருளர். முதல் மாரியிலே, கையில் காசில்லாமல், கடன்பட்டு வாங்கிய குளிர்ச்சட்டையோடு இறங்கியவர்களும் அவர்களுள் உண்டு. எட்மன்ரன் பக்கம் வாழ்வோருக்கு ஒரு குறிப்பு: சென்ற் அல்பேட் நகரம் அருகிலேயே, வடமேற்குத் திசையில் உள்ளது. அங்குள்ள பங்குக் கோவிலின் நிலவறையில் ஆண்டகையின் கல்லறையும், அவரோடு உழைத்த லக்கோம் சுவாமியின் கல்லறையும் இருக்கின்றன.