குணங்குடியாரின் கண்ணீர்

இறைநேசச் செல்வர் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். 1792-ஆம் ஆண்டில் தொண்டிக்கு அருகேயுள்ள குணங்குடியில் பிறந்தார்கள். கீழக்கரையில் தைக்கா சாகிபு வலியுல்லாஹ் அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார்கள். மாமன் மகளை மணமுடித்து வைக்கப் பெரியோர் விரும்பியபோது, அதனை ஏற்காது பதினேழாம் வயதிலேயே வீட்டைத் துறந்தார்கள்.

மையித்தின் அருகே ஒப்பாரி வைத்தல் ஆகாதென்று நம் இல்லங்களில் பெரியவர்கள் தடுப்பதுண்டு. ஆயினும், அருமைப் புதல்வர் இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருக்கண்கள் நீர் சொரிந்தன. அதனை இரக்கம் என்றே அவர்கள் விளக்கினார்கள். ஆகவே தடை கண்ணீருக்கன்று. இறைவனை எண்ணி அழுகையில்தான் வேறோர் இடர் உண்டு. பிறர் காண அழுதால் முகஸ்துதி கலந்துவிடும். தனித்திருந்து அல்லாஹ்வை நினைத்துக் கண்ணீர் வடிப்பவர், அர்ஷின் நிழல் பெறும் எழுவரில் ஒருவர் என நபிமொழி கூறுவதும் இதனாலன்றோ!

குணங்குடியாரும் தனிமையையே முதலில் நாடினார்கள். 1813-இல் திருச்சியில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் தீட்சை பெற்றபின், மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் கல்வத் இருந்தார்கள். அந்நாட்களில் அவர்கள் அழுததைக் கண்டவர் எவருமிலர். பின்னர் நாகமலை, ஆனைமலை எனப் பல மலைகளில் அலைந்தார்கள் என வரலாறு கூறும்.

ஆனால் உள்ளத்துப் பெருக்கு மலையோடு நிற்கவில்லை. தெருவில் தம்மை மறந்து திரிந்தவரைக் கண்டோர், இறைக்காதலில் மயங்கியவர் என்னும் பொருளில் மஸ்தான் என்றனர். குப்பைமேட்டிலும் அமர்ந்திருந்த அவருக்கு ஊரார் சொல் ஒரு பொருட்டாகவில்லை. புகழை நாடி அழுபவர் குப்பைமேட்டைத் தேடுவரோ?

இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கினார்கள். பராபரக்கண்ணி, றகுமான்கண்ணி, மனோன்மணிக்கண்ணி முதலிய பாடல்களில், ஆண்மகன் அடக்கிக் கொள்ளவேண்டியவை என உலகம் கருதும் ஏக்கம், புலம்பல், கெஞ்சல் யாவற்றையும் ஒளிவின்றிக் கொட்டினார்கள். அவற்றில் உருகியோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். சரவணப்பெருமாள் ஐயர் அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார். அய்யாசாமி முதலியார் சீடரானார்.

1838-இல் மறைந்த அவர்கள், இராயபுரத்திலேயே அடக்கமாகியுள்ளார்கள். தொண்டியார் வாழ்ந்ததால்தான் அருகிலுள்ள பகுதி தண்டையார்பேட்டை ஆயிற்று என்பர்.