மோட்டார் தந்த மேதை

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்தார் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்குக் கசந்தது. ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தவர், ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். கழற்றிப் பூட்டியே தொழில் கற்றார்.

அந்நாளில் மின்மோட்டார்கள் கடல் கடந்து வந்தன. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுவதை உருவாக்கினார். பொம்மை மோட்டாரில் இருப்பது நிலைக்காந்தம். கிணற்று மோட்டாரிலோ, மின்சாரம் பாயும்போது கம்பிச்சுருள்களே காந்தமாகின்றன. அவற்றை வட்டமாக அமைத்துச் சுழற்சி தரும் நுட்பம் நம்மவர் கைக்கு வந்தது. நம் கரிசல் சீமைக் கிணறுகளிலும் கோவை மோட்டார்கள் நீர் இறைக்கின்றன.

1974-இல் அவர் மறைந்தார். தோழியரே, ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் கற்போம். கைகளைத் தந்த இறைவனுக்கு அதுவே நன்றி.