இர்விங் பேர்லினும் போர்வீரர் அரங்கும்

உருசியப் பேரரசில் 1888 ஆம் ஆண்டிலே பிறந்து, ஐந்து வயதிற் பெற்றாருடன் நியூயோர்க் நகரம் புகுந்த யூதச் சிறுவரே பின்னர் இர்விங் பேர்லின் எனப் புகழ்பெற்றவர். இசைக்குறி வாசிக்கக் கல்லாதவர்; பியானோவின் கருங்கட்டைகளையே பெரிதும் தடவிப் பாட்டமைத்தவர்.

1918 இல் அவர் சேனையிற் சேர்க்கப்பட்டார். இரவெல்லாம் விழித்திருந்து பாட்டுக் கட்டிப் பழகியவருக்கு அப்ற்றன் பாசறையின் வைகறை எக்காளம் பெரும் பகையாயிற்று. எக்காளம் ஊதுபவனைத் தொலைத்துவிட விரும்பும் வீரனின் புலம்பலாக ஒரு நகைச்சுவைப் பாட்டு இயற்றினார். பாசறையில் விருந்தினர் விடுதி அமைக்கப் பொருள் வேண்டியிருந்தது. வீரரையே நடிகராக்கி அவ்வாண்டு நியூயோர்க்கில் இசைநாடகம் நடத்தினார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் மீண்டும் அம்முயற்சி. 1942 யூலை 4 இல் ஏறத்தாழ 300 வீரருடன் ‘திஸ் இஸ் த ஆமி’ அரங்கேறியது. ஐம்பத்து நான்கு வயதினராகிய பேர்லின் பழைய சீருடை அணிந்து அதே எக்காளப் பாட்டைப் பாடினார்.

அன்றைய அமெரிக்கச் சேனையில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் வெவ்வேறு அணியினர். பேர்லினோ தம் குழுவிற் கறுப்பின வீரரும் இருத்தல் வேண்டுமென வற்புறுத்தினார். மேடையில் அவர்களுக்குத் தனிக்காட்சியே கிடைத்ததென்பது குறைதான். ஆயினும் உறைவிடமும் பயணமும் ஒன்றாயின. சேனை முழுவதும் அந்நிலை எய்தப் பல்லாண்டு சென்றது.

இலண்டன், வட ஆபிரிக்கா, இத்தாலி, பசிபிக் தீவுகள் எனப் போர்முனை தேடிச் சென்ற அக்குழு 1945 ஒக்ரோபரிலே ஹவாயில் கலைந்தது. வருவாய் சேனையின் துயர்துடைப்பு நிதிக்கே சென்றது. பேர்லின் 1989 இல், தமது 101 ஆம் வயதிற் காலமானார்.